சீனத்து டொக்டர் சொன்னவர்

— வாயைத் திற எண்டு மூணு தரம் சொல்லிட்டன். நீ பல்லைக் கடிச்சுக்கொண்டு என்னையே பாக்கிறாய்.

— பல்லைப் பிறகு பாரும். முதல்ல நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லும். பத்மாசனி இங்க எத்தினை தரம் வந்தவள்?

— எந்தப் பத்மாசனி?

— என்ர மனுசி. இராசதுரை பெண்சாதி பத்மாசனி. டொக்யாட் ரோட்டில, தையல்காரன்ர கடைக்கு மேல்மாடி. ஊர் முழுக்கப் பல்லுப் பிடுங்கிற சீனத்து டொக்டருக்கு அந்த வீடு தெரியாதோ?

— ஆ, அவங்களா? தெரியும், தெரியும். ரெண்டு தரம் வந்தாங்க. மெல்ல, மெல்ல. கதிரையில சாஞ்சு இரு.

— ரெண்டு தரமோ! எனக்கு ஒரு தரம் எண்டெல்லோ சொன்னவள்.

— ரெண்டு.

— பல்லுக்கு வந்தது எனக்குத் தெரியும். மற்றது எதுக்கு?

— அதைப் பிறகு சொல்றன். உனக்கு எந்தப் பல்லு நோகுது?

— என்னை 'நீ'. அவளை 'அவங்க'. நல்ல மரியாதை ஐசே, உம்மட மரியாதை.

— கோவிக்காத. நான் தமிழ் படிச்சது மீன் சந்தையில. அங்க எல்லாரும் 'நீ'தான். பொம்பிளையள் பல்லுக் காட்ட வரத் தொடங்கின பிறகுதான் 'அவங்க' எண்ட சொல்லுப் பழகினன். இருவது வருசம் ஆச்சு, ஆம்பிளையளுக்கு இன்னும் அது வாயில வருதில்ல.

— கதையை விடும். எனக்கு ஒரு பல்லும் நோகேல்லை. உம்மட மூஞ்சையைப் பாக்கத்தான் நேவி யாட்டில அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தனான்.

— மூஞ்சை பாக்க வந்தவனுக்கு ஏன் வலக் கன்னம் வீங்கியிருக்கு? காட்டு. இங்க தட்டினா?

— ஐயோ! அம்மா!

— கடைவாய்ப் பல்லு. உள்ளுக்கு அழுகிட்டுது. கன நாளா நீ இந்தப் பக்கம் சப்புறதில்ல. இண்டைக்கே எடுக்கோணும், விட்டாத் தாடை பழுதாப் போகும். இந்தா, கராம்பு எண்ணெய் வைக்கிறன். ஊறட்டும். அதுவரைக்கும் நீ கேளு, நான் சொல்றன்.

— இந்த மணம்... இதே மணம்தான். அவள் உம்மட்ட வந்த அண்டைக்கு முழுக்க அவளில கராம்பு மணத்தது. சோத்தில மணத்தது, தலையணையில மணத்தது. நான் பாயை எடுத்துக்கொண்டு போய் வெளி விறாந்தையில படுத்தனான்.

— எல்லாருக்கும் வைக்கிற எண்ணெய் அது.

— சிவப்புக் கடதாசிப் பூவும் எல்லாருக்கும் குடுக்கிறதோ? எங்கட ஜன்னலில தொங்குது.

— அங்க பார், தட்டில. முப்பது நாப்பது கிடக்கு. எங்கட ஊரில அடிக்கடி ஆறு பெருகி வயல் எல்லாம் போகும். கடதாசிப் பூச் செய்து, ஊர் ஊரா வித்துத்தான் எங்கட ஆக்கள் வெளிநாடு வந்தது. பல்லு எடுத்த ஆள் அழுதா நான் ஒரு பூக் குடுப்பன். நீயும் அழுதா உனக்கும் ஒண்டு.

— எனக்கு உம்மட பூ தேவையில்லை. இதுக்குச் சொல்லும். என்ர வீட்டுக் கட்டில் எந்தப் பக்கம் கிடக்குதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?

— எனக்குத் தெரியாதே.

— தெரியாதோ! 'சீனத்து டொக்டர் சொன்னவர், வாசலுக்குக் கால் நீட்டிப் படுத்தால் பிரேதம் கிடத்தின மாதிரியாம்.' கட்டிலைத் திருப்பியாச்சு. 'சீனத்து டொக்டர் சொன்னவர், கட்டிலுக்கு நேரே கண்ணாடி நிண்டால் புருசன் பெண்சாதிக்கு நடுவில மூண்டாம் ஆள் வருமாம்.' அம்மா தந்த கண்ணாடி அலுமாரி இப்ப குசினி வாசலில நிக்குது, சோத்து ஆவி படிஞ்சு முகம் தெரியாமல் கிடக்கு. அடுப்புக்கு எதிரே தண்ணிக்குடம் இருக்கக்கூடாதாம். கூரை வளைமரத்துக்குக் கீழ படுத்தால் நெஞ்சில பாரமாம். எனக்கு நெஞ்சில பாரம் உம்மாலதான், வளைமரத்தால இல்லை! காலமை எழும்பினால் சீனத்து டொக்டர், படுக்கப்போனால் சீனத்து டொக்டர். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு சட்டியை அசைக்காதவள், உம்மட ஒரு சொல்லுக்கு வீட்டையே தலைகீழாக்கிப்போட்டாள்.

— அதெல்லாம் நான் சொன்னதுதான். அங்க கதவுக்கு மேல பார், எட்டு மூலைக் கண்ணாடி. இது என்ன எண்டு அவங்க கேட்டாங்க. எங்கட ஊரில 'பெங் சுய்' எண்டு சொல்லுவம். பெங் எண்டா காத்து, சுய் எண்டா தண்ணி. வீடு எங்க நிக்கோணும், கதவு எங்க பாக்கோணும், கட்டில் எங்க கிடக்கோணும், எல்லாத்துக்கும் முறை இருக்கு. உங்கட ஆக்கள் மனையடி பாக்கிற மாதிரித்தான். பல்லு விறைக்குமட்டும் ஒரு கடதாசியில கீறிக் காட்டினன்.

— அந்தக் கடதாசி! அதைச் சட்டைக்குள்ள மடிச்சு வச்சிருந்தவள். நான் பறிச்சுப் பாத்தால் முழுக்கச் சீன எழுத்து. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை. கடைசியில யாட்டுக்கு வந்த கப்பலில ஒரு ஹொங்கொங் சமையல்காரனிட்டக் கொண்டுபோய்க் காட்டினனான்.

— என்ன சொன்னான்?

— 'கதவு, ஜன்னல், அடுப்பு' எண்டு எழுதிக் கிடக்காம். சொல்லிப்போட்டுச் சிரிச்சான்.

— பிறகு ஏன் கோவம்?

— ஏனோ? கட்டிலைத் திருப்பின மாதமே என்னை ஸ்டோர்க்கீப்பர் ஆக்கினவங்கள். ஏழு வருசம் நான் மாடாய் முறிஞ்சதுக்கு ஒரு பேச்சும் இல்லை. உம்மட காத்தும் தண்ணியும் தந்த உத்தியோகமாம்! அயலட்டைக்கெல்லாம் அதைத்தான் சொல்லுறாள். அதிலயும் கேவலம், நானும் நம்பத் தொடங்கியிட்டன். என்ர கட்டிலில, என்ர அடுப்படியில, என்ர உத்தியோகத்தில, எல்லாத்திலயும் நீர் நிக்கிறீர். வீட்டுக்கு வந்த ஆளெண்டால் பிடரியில பிடிச்சுத் தள்ளலாம். வராத ஆளை எப்பிடி ஐசே கலைக்கிறது?

— உன்ட வீட்டுப் படியை நான் மிதிச்சதில்ல.

— அதை நான் எப்பிடி நம்புறது?

— நம்ப ஏலாட்டி விடு. இப்ப ஊசி போடுறன். மெல்ல, மெல்ல. ஆ, முடிஞ்சுது. விறைக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த மேல்மாடி ஆர் பாத்தது? நீயா, அவங்களா?

— நானெண்டால் அதை ஏறெடுத்தும் பாத்திருக்கமாட்டன். பழைய வீட்டை நேவி எடுத்த பிறகு நான் பாத்து வச்சது உப்புவெளியில. தனி வீடு. சுத்திவரத் தென்னை. கூப்பிடு தூரத்தில ஒரு குடியும் இல்லை. டவுணில மாலுமியள் நிறைஞ்சு, ஒரு கோழிக்கூடும் வாடகைக்கு இல்லாத நேரம், அது கிடைச்சது அதிட்டமெல்லோ? அவள் காலே வைக்கமாட்டன் எண்டிட்டாள். வெட்டவெளியில நிக்கிற வீட்டில நல்லது தங்காதாம், காத்து அள்ளிக்கொண்டு போயிடுமாம். பின்னால மலை வேணும், முன்னால தண்ணி வேணும், ரெண்டு பக்கமும் ஆக்கள் குடியிருக்கவேணும், சீனத்து டொக்டர் சொன்னவர் எண்டு ஒரே நிலை. கடைசியில தையல்காரன்ர மேல்மாடி. வலப்பக்கம் மருத்துவிச்சி, இடப்பக்கம் பொலிஸ் சார்ஜன்ர குடும்பம். நடுவில பலகைச் சுவர். தும்மினால் மூண்டு வீட்டுக்கும் கேக்கும்.

— பின்னால மலை, முன்னால தண்ணி, அது நான் சொன்னது. ரெண்டு பக்கமும் ஆக்கள் எண்டு நான் சொல்லல்ல.

— சொல்லேல்லையோ?

— இல்ல. வேற என்ன சொன்னனாம்?

— கட்டில் தலைமாட்டை மருத்துவிச்சியின்ர சுவரோட முட்ட வைக்கச் சொன்னீராம்.

— சுவரோட வைக்கச் சொன்னன். எந்தச் சுவர் எண்டு சொல்லல்ல.

— பின்படி உள்ள வீடாப் பாக்கச் சொன்னீராம். முன்வாசலால வாற பீடை பின்வாசலால இறங்கிப் போகவேணுமாம்.

— அதுவும் நான் இல்ல.

— பின்னை தாழ்ப்பாள்? அதுவும் நீர் இல்லை எண்டு சொல்லப்போறீரோ? கதவுக்கு வெளியில இரும்பு இருந்தால் உயிர்க்காத்து உள்ள வராதாம், என்ர அடுத்த உயர்ச்சி நிண்டுபோமாம். அதை நம்பி முன்கதவிலயும் பின்கதவிலயும் இருந்த வெளித் தாழ்ப்பாளை முந்தாநாள் நானே கழட்டினனான். என்ர கையாலயே!

— கதவுக்கு வெளியில ஏன் தாழ்ப்பாள்?

— அது... கிடந்தது.

— ஆள் உள்ளுக்கு இருக்க, வெளியில ஆர் அதைப் போடுறது?

— நான்தான். வேலைக்குப் போகேக்க. ஊர் கிடக்கிற கிடையைப் பாத்தீர்தானே? தெருவெல்லாம் குடிச்சு வெறிச்ச மாலுமியள். பாதுகாப்புக்குத்தான். இது என்ர வீட்டுக் கதை, உமக்கென்ன?

— ஒண்டுமில்ல. கேட்டன். அவங்களை நீ நம்பல்லையா?

— நம்பினனான். குண்டு விழுமட்டும் நம்பினனான். போன வருசம் சித்திரை, ஜப்பான்காரன் வந்த அண்டைக்கு நான் யாட்டுக்குள்ள. எண்ணெய்த் தாங்கி எரியுது, ஊர் ஓடுது. தப்பித் தவறி வீட்ட போனால் கதவு திறந்து கிடக்கு, அடுப்பில உலை கொதிக்குது, அவள் இல்லை. அஞ்சு நாள் தேடினனான், டொக்டர். பிரேதம் எண்டு கேள்விப்பட்ட இடமெல்லாம் போய், துணியை விலத்தி விலத்தி முகம் பாத்தனான். ஆறாம் நாள் கிண்ணியாவில, அலியார் எண்ட ஒரு மனுசன்ர வீட்டு முத்தத்தில, அந்தாளின்ர பெண்சாதி றுக்கியாவோட இருந்து அரிசி புடைச்சுக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கிறாள்! நான் செத்துச் செத்துத் திரிய, அவளுக்குச் சிரிக்க ஏலுது. ஆரைப் பாத்துச் சிரிச்சவள்? அஞ்சு இரவும் எந்த அறையில படுத்தவள்? இண்டுவரைக்கும் கேக்கிறன். 'பொம்பிளையளோட படுத்தனான்' எண்ட ஒரே மறுமொழி. அண்டைக்குப் பத்தின நெருப்பு. முதல்ல அலியார். பிறகு வாசலுக்குப் பாண்ரொட்டி கொண்டுவாறவன். பிறகு கீழ்வீட்டுத் தையல்காரன். இப்ப நீர். எனக்கு விசர் எண்டு நினைக்கிறீரோ?

— இல்ல. உனக்குப் பயம்.

— பயமோ? எனக்கோ?

— என்ட மனிசி சீனாவில, ஆத்தங்கரையில. நான் கடைசியாப் போய்த் திரும்பி வெளிக்கிடேக்க, சாத்திரப்படி எல்லாம் சரியா வச்சிட்டு வந்தன். பின்னால மலை, முன்னால ஆறு. கட்டில், கண்ணாடி, அடுப்பு, ஒண்டும் பிசகல்ல. ஜப்பான்காரன் அந்த ஆத்தாலதான் வந்தான். அஞ்சு வருசமாக் கடிதம் இல்ல. அவங்க ஆரோ ஒருத்தன்ட முத்தத்தில இருந்து அரிசி புடைச்சுச் சிரிக்கிறாங்க எண்டு நீ வந்து சொன்னா, நான் உன்ட காலில விழுந்து கும்பிடுவன்.

— டொக்டர்...

— சொல்லு.

— நாக்குத் தடிக்குது.

— ஊசி பிடிச்சிட்டுது. இனிக் கதைக்க ஏலாது. திற. இன்னும் பெரிசாத் திற.

— ஆ...

— மெல்ல, மெல்ல. வேர் கொளுவி நிக்குது. அவசரப்பட்டாப் பாதியில முறிஞ்சிடும். கையை விடு, குறட்டைப் பிடிக்காத.

— ஆ! ஆஆ!

— நோகல்ல, சத்தம்தான் கேக்குது. அவங்க முதல் தரம் வந்தது போன மார்கழி. மேல் முன்பல்லு, பாதி இல்ல. படியில விழுந்தன் எண்டாங்க. நான் இருவது வருசமா வாய் பாக்கிறன். படியில விழுந்தா நாடி கிழியும், மூக்கு உரஞ்சும். அவங்களுக்கு நாடி நல்லாயிருந்தது, மூக்கு நல்லாயிருந்தது. கன்னத்தில நாலு விரல்.

— ஆ... அஅ...

— ஆட்டாத. பாதி வந்திட்டுது. நான் ஒண்டும் கேக்கல்ல அண்டைக்கு. அவங்க அழவும் இல்ல, எண்டாலும் பூ ஒண்டு குடுத்தன். போகேக்க வாசலில நிண்டு கேட்டாங்க, 'ஐயா, வீட்டில நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னதெண்டு ரெண்டு மூண்டு விசயம் சேத்துச் சொன்னாக் கோவிப்பீங்களோ?' எண்டு. கோவிக்கமாட்டன் எண்டன். என்ன சேத்தாங்க எண்டு இண்டைக்குத்தான் உன்ட வாயால கேக்கிறன். இந்தா, வந்திட்டுது. மூணு வேர். நுனியைப் பார், கறுப்பு. பஞ்சை வைக்கிறன், இறுக்கிக் கடி. வாய் திறந்தா ரத்தம் பாயும்.

— ம்... ம்ம்?

— ரெண்டாம் தரமா? நேத்துப் பின்னேரம். கதிரையில இருக்கவும் இல்ல. 'நாளைக்கு மத்தியானம் என்ர மனுசன் உங்களோட சண்டைக்கு வருவார்' எண்டாங்க. எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். 'சீனத்து டொக்டர் கட்டிலைத் திரும்பவும் மாத்தச் சொன்னவர் எண்டு காலமை ஒரு வார்த்தை சொல்லுவன். மத்தியானம் வரைக்கும்தான் அவரால பொறுக்க ஏலும்' எண்டாங்க.

— ம்ம்! ம்ம்ம்!

— எழும்பாத. கால் சோரும், விழுந்திடுவாய். மருந்து கொஞ்சம் கூடத்தான் போட்டனான்.

— ம்ம்ம்!

— ஓம், அந்த ஊதல்தான். மூதூருக்கு ஆக்களை ஏத்திற லோஞ்ச் படகு வெளிக்கிடுது. உன்ட மனிசி அதில அண்ணன் வீட்ட போறாங்க, இனி வரமாட்டாங்க. அது துறையை விட்டுப் போகும் வரைக்கும் உன்னை இந்தக் கதிரையில இருத்தி வைக்கச் சொல்லிக் கேக்கத்தான் அவங்க ரெண்டாம் தரம் வந்தாங்க.