வெளியே போகிறவருக்கான குரல்

“எங்கம்மா நைட்டியையா அந்த எலும்புக்கூட்டுக்கு மாட்டியிருக்க?” என்று வெண்டல் கேட்டான்.

“அத்தை இருந்திருந்தா சிரிச்சிருப்பாங்க.”

“எங்கம்மாவா? துவைச்சியா இல்லையான்னு கேட்டிருப்பாங்க.”

இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரிப்பது அதுவே கடைசி என்று இருவருக்கும் தெரியும். அவனுடைய பெட்டி கார் ஷெட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தயாராக இருந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன்.

பிள்ளைகள் பேய் வேடம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் வந்தால், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அலங்காரப் போட்டி. இந்த வருடம் என் எலும்புக்கூடு பேச வேண்டும் என்று நினைத்தேன். தலையைத் திருப்ப ஒரு பழைய காரின் வைப்பர் மோட்டார் போதும். ஆள் வருவதை உணரும் சென்சார் இரண்டு வைத்தேன். ஒன்று படியேறி வரும் பிள்ளைகளுக்கு; சூனியக்காரி போலச் சிரிக்கும். இன்னொன்று கதவைத் திறந்து வெளியே போகிறவருக்கு. அதற்கு அத்தையின் குரல், ஒரு பழைய கிறிஸ்துமஸ் வீடியோவிலிருந்து எடுத்தது. “வெண்டல், கோட்டு போடாம எங்கடா போற?” அதன் சுவிட்ச் மட்டும் என் ஏப்ரன் பையில் இருந்தது.

கார் ஷெட்டுக்குப் போகும் வழியெல்லாம் அட்டைக் கல்லறைகள் வைத்தேன். அதனால் அவன் காரைத் தெருவில்தான் விட வேண்டியிருந்தது. காருக்குப் போக முன்படி ஒன்றுதான் வழி. மழையில் நனைந்த மேப்பிள் இலைகளை நான் பெருக்கவில்லை. அலங்காரத்துக்கு நன்றாக இருந்தன. படியோரக் கைப்பிடியைக் கழற்றியது சிலந்தி வலை தொங்கவிட. நவம்பரில் திரும்ப மாட்டியிருப்பேன். விசாரிக்க வந்த நீங்கள் அந்தக் கைப்பிடியைப் பற்றியே கேட்கிறீர்கள்.

ஹாலோவீன் அன்று மாலை நான் மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தபோது அவன் பெட்டியோடு வந்தான். பிள்ளைகள் முன்னால் நான் அழ மாட்டேன் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பான்.

“அப்புறமா போன் பண்றேன் கொரின்.”

நான் ஏப்ரன் பைக்குள் கைவிட்டேன். அவன் முதல் படியில் கால் வைத்தபோது அவன் அம்மா கேட்டார். அவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

கீழே கழுத்து கோணலாகக் கிடந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. கடற்கொள்ளைக்காரன் வேடம் போட்ட பொடியன் ஒருவன், “டேய், நிஜ ஆள் மாதிரியே செஞ்சிருக்காங்கடா” என்றபடி அவனைத் தாண்டி வந்து மிட்டாய்க்குக் கை நீட்டினான். எதிர்வீட்டு டோரீன் அவள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். “கொரின், இந்த வருஷப் பரிசு உனக்குத்தாண்டி. எனக்கு வயிறு எரியுது.” நான் நன்றி சொன்னேன்.

பிள்ளைகளைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. கிண்ணம் காலியாகும்வரை கொடுத்தேன். இரண்டு கேட்டவர்களுக்கு இரண்டு. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

மிட்டாய் தீர்ந்ததும், வழக்கம்போல வாசல் விளக்கை அணைத்தேன். விளக்கு அணைந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள். உள்ளே போய் அவன் கோட்டை எடுத்து வந்து போர்த்திவிட்டு, பக்கத்தில் ஈர இலைகள்மேல் உட்கார்ந்தேன். உதடு அசைவது நின்றிருந்தது.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பெட்டியைப் பார்த்த நாளிலிருந்தே அவனிடம் ஒன்று கேட்க நினைத்தேன். முடியாது என்று சொல்லிவிடுவானோ என்று கேட்கவில்லை. இனி சொல்ல மாட்டான். குனிந்து, அவன் காதருகே கேட்டேன்.

“போகாத வெண்டல். என்கூடவே இரு.”