எந்தச் சுவருக்கு எந்தக் கரண்டி

– இந்தச் சுவத்த யாரு பூசுனா?

– ஏன், என்ன கொற?

– பூச்சுக்கு மேல இரும்புக் கரண்டியால வெள்ளப் பட்டி இழுத்திருக்கான். பாரு, கருப்பு கருப்பா கோடு... பட்டிக்கு இரும்பு ஆகாது சுகிர்தம். துரு ஏறாத தகடு வேணும்.

– அந்த ஆளுக்கு அது தெரியல போல.

– தெரியாதவன் எதுக்குச் சுவத்துல கை வைக்கான்? நம்ம கொத்தனாரு மாடன் அண்ணாச்சி கையா இது? அவரு இப்படிச் செய்ய மாட்டாரே.

– அவிய பூசல. விடுங்க.

கத்தாரிலிருந்து ஜெபஸ்டின் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனித் திரும்பப் போவதில்லை என்று மட்டும் மனைவி சுகிர்தத்திடம் சொல்லியிருந்தான். ஆய்க்குடிக்கு வெளியே, அவன் வெளிநாட்டில் இருந்த காலத்தில் எழும்பிய வீடு இது. படுக்கையறையின் இந்த ஒரு சுவரையும் அடுப்படியையும் தவிர, மற்றதெல்லாம் செங்கல் தெரிய நின்றது. கத்தாரில் எத்தனையோ ஓட்டல் சுவர்களைக் கண்ணாடிபோல இழைத்தவன் அவன்.

– வெளிநாட்டுல இருந்து வாரவிய செண்டு, மிட்டாயின்னு கொண்டாருவாவ. நீங்க பெட்டி நெறய கரண்டி கொண்டாந்திருக்கிய.

– ஏட்டி, இதெல்லாம் தென்காசிக் கடையில கெடைக்காது. இந்தா, இதப் பிடி. முழங்கை நீளம். லேசா அமுக்கு...

– வளையுதே.

– வளையணும். அதான் கடைசி இழுப்புக்கு. வளையாத தகடு மேடு பள்ளத்தக் காட்டிக் கொடுத்துரும்.

– இது?

– அதுக்கு முனை உருண்டிருக்கு பாரு. புதுசாப் பட்டி போடுதவனுக்கு நல்லது. கூர்முனை குத்தி வடு விழாது.

– இந்தக் கட்டை நம்ம ஊர்லயே கெடைக்குமே.

– பூச்சத் தேய்க்கிற மணியாஸ் கட்டைதான. ஆனா இது கனமில்லாத மரம். வெளிச்சுவத்துக்குத் தகடு போடக் கூடாது, தெரியுமா? வழுவழுன்னு இழுத்துட்டா வெயிலுக்கு முடி முடியா வெடிச்சிரும். அப்புறம் குத்தாலத்துச் சாரல் அதுக்குள்ள எறங்கும். கட்டையால தேச்சு, சொரசொரன்னு விடணும்.

– ம்... சரி. எத எடுக்கப் போறிய?

– எதுக்கு?

– மேல, கூரைக்குக் கீழ ஒரு முழம் பூசாமக் கெடக்குல்லா. பட்டி கொழச்சு வச்சிருக்கேன். ஒரே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுங்க.

ஜெபஸ்டின் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். வந்த அன்றே சொல்லிவிட வேண்டும் என்று விமானத்தில் நினைத்துக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை அவன் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் சபைக்காரர்கள் வந்தார்கள், ஜெபம் செய்தார்கள், பெரிய வீடு கட்டிவிட்டான் என்றார்கள். சொல்ல முடியவில்லை.

– கொழகொழன்னு கெடக்கு. பதம் பத்தாது.

– இன்னும் ஒரு கை பட்டி மாவு போட்டுருக்கேன். இப்பப் பாருங்க. கரண்டியில நிக்குது.

– தகடு புதுசு சுகிர்தம். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், சுவத்தக் கிழிச்சிரும். கொஞ்சம் தேயணும்.

– பழசு ஒண்ணு இருக்கே. தேஞ்சு போயி.

– அதுக்குக் கைப்பிடி ஆடுது.

– ஆடலியே.

– எனக்கு ஆடும். நீ பிடிச்சாத் தெரியாது.

– அங்கன வேலைக்குப் போறப்பவும் இப்படித்தான் கரண்டி மேல பழி சொல்லிட்டே நிப்பியளா?

– ஏட்டி, சாரல் அடிக்கு. ஈரக்காத்துல பட்டி காயாது. நாளைக்குப் பாப்போம்.

– சரி. நீங்க நில்லுங்க, நான் இழுத்துப் பாக்கேன்.

சுகிர்தம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரோரம் கட்டியிருந்த சாரப் பலகையில் ஏறினாள். முனை உருண்ட கரண்டியில் பட்டியை அள்ளினாள். அள்ளிய விதத்திலேயே அவனுக்கு ஏதோ புரிந்தது. பழகாத கை இவ்வளவு குறைவாக அள்ளாது.

– ஏட்டி, எறங்கு. விழுந்து தொலைக்காத.

– விழ மாட்டேன்.

– கரண்டிய ரொம்பப் படுக்க வைக்காத. ஓரத்த லேசாத் தூக்கு... ம். கையால தள்ளாத. தோளோட வா.

– இப்படியா?

– இப்படித்தான்... யாருட்ட படிச்ச?

– மாடன் அண்ணாச்சி ஆளுகளோட சித்தாளாப் போனேன். அவிய சாப்பிட உக்காரும்போது கரண்டிய எடுப்பேன். மொதல்ல ஒரு வீட்டுக் கக்கூஸ் சுவரு. கோணலாப் போனாலும் யாரும் பாக்க மாட்டாங்கல்லா.

– கலவை சுமக்கப் போனியா? போன்ல ஒரு வார்த்த சொல்லல.

– சொன்னா விட்டுருக்க மாட்டிய.

– அப்ப... இந்தச் சுவரு?

– நாந்தான். அடுப்படியும் நாந்தான். இரும்புக் கரண்டிதான் கையில இருந்துச்சு.

– நான் என்னென்னமோ சொல்லிட்டேனே.

– சொன்னது சரிதான. கோடு கெடக்குல்லா.

அவன் சுவரை மறுபடி பார்த்தான். கோடுகளுக்கு இடையில் பூச்சு சமமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு இழுப்பும் எங்கே தொடங்கி எங்கே தயங்கியது என்று இப்போது அவனுக்குத் தெரிந்தது. அவள் இதைப் பூசிய நேரத்தில், தான் கத்தாரில் யாருடைய சுவர் பக்கம் நின்றோம் என்று நினைத்தான்.

– நான் வந்து பூசியிருப்பேன்லா. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?

– இந்தாங்க. கரண்டியப் பிடிங்க.

– கொடு.

– அந்தக் கையால இல்ல. வலது கையால வாங்குங்க.

– இந்தக் கையத் தூக்க வராது சுகிர்தம். தோள் மட்டத்துக்கு வரும். அதுக்கு மேல வராது. கூரைக்கு அடியிலயே அண்ணாந்து நின்னு பூசிப் பூசி, உள்ள தசைநார் அந்து போச்சுன்னாரு டாக்டரு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கீழ நின்னு கலவை கலக்கிக் கொடுத்துட்டுக் கெடந்தேன். கூட இருந்தவனுவ என் பங்கையும் சேத்துப் பூசி மறச்சானுவ. கடைசியில கம்பெனிக்காரன் பாத்துட்டான்.

– வலிக்கா?

– ராத்திரி அந்தப் பக்கம் படுத்தா வலிக்கும். நம்ம வீட்டுச் சுவத்த நானே இழைக்கணும்னு ஒவ்வொரு தடவ லீவுக்கு வாரப்பவும் நெனப்பேன். அப்பச் சுவரு இல்ல. இப்பச் சுவரு இருக்கு...

– எங்கிட்ட ஏன் சொல்லல?

– சொன்னா, போதும் வந்துருங்கன்னு நீ கூப்புட்டுருவ. அதான்.

– எனக்குத் தெரியும்.

– என்னது?

– உங்க கை. போன கிறிஸ்மஸுக்கு முந்தியே தெரியும். உங்க ரூம்ல இருந்த கடையநல்லூர் சமீர் அண்ணன் போன் பண்ணுனாவ. நான் சொன்னதாச் சொல்லாதம்மா, எப்படியாவது அவன வரச் சொல்லிரு, கையி போயிரும்னாவ.

சாரம் அசைந்தது. அவள் இறங்காமல் பலகையிலேயே உட்கார்ந்தாள். அவன் கேட்கப் பயந்தான், ஆனாலும் கேட்டான்.

– பெறவு ஏன் நீ கூப்புடல?

– அப்பக் கூரைக்குக் கம்பி கட்டிக் கெடந்துச்சு. வந்துருங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு... உங்க பணத்துல காங்கிரீட்டு போட்டு முடியட்டும்னு முழுங்கிட்டேங்க.