லீவில் வெடிக்காத நட்சத்திரம்

— மாடிக் கதவுக்கு எண்ணெய் போட்டிருக்கே போல. சத்தமே வரல.

— கிறீச்சுன்னு கத்துச்சு. ராத்திரி நான் தொறந்தா கீழ்வீட்டுல முழிச்சிக்கிறாங்க.

— முழிச்சதாலதான கீழ்வீட்டுக்காரர் சொன்னார். மாசாமாசம் நான் கடல் வேலைக்குப் போற மூணு வாரமும் நீ தினம் மேல ஏறுறியாம். நான் லீவுல வந்திருக்கிற வாரம் மட்டும் அந்தப் பக்கமே போறதில்லையாம்.

— அந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?

— சரி, இருக்கட்டும். அவருக்கு வேலை இல்ல. டீச்சரம்மாவுக்கு மாடியில என்ன வேலை?

— எத்தன தடவ சொல்றது? ஒரு நட்சத்திரம். மங்கிக் கிடக்கும், திடீர்னு வெடிச்சுப் பிரகாசமாகும், சில நாள்ல அடங்கிடும். மறுபடி எப்ப வெடிக்குதுன்னு அளக்கறேன்.

— எப்ப வெடிக்குது?

— மாசம் ஒரு தடவ. நாலு வருஷமா பிசகல. நாளைக்கு வானியல் பத்திரிகைக்குக் கட்டுரையா அனுப்பறேன். என் பேர்ல வரப்போற முதல் கட்டுரை.

— நான் இருக்கும்போது ஒரு தடவையாவது வெடிச்சிருக்கா?

— இல்ல.

— ஒரு தடவகூட?

— இல்லன்னா இல்லதான்.

— காதுல பூ சுத்தாத. வானத்துல இருக்கறதுக்கு என் லீவு எப்படித் தெரியும்?

— இங்க பாருங்க, நீங்க வீட்டுல இருக்கறதே ஒரு வாரம். அதையும் நான் மாடியில தொலைக்கணுமா? இப்பத்தான அடங்குச்சு, உடனே எங்க வெடிக்கப்போகுதுன்னு அந்த வாரத்த உங்களுக்காக விட்டுடுவேன். நம்பலன்னா ஏறி வாங்க, இருட்டிடுச்சு.

— வர்றேன், நட.

— இந்த டெலஸ்கோப்புல கண்ண வையுங்க. மூணு நட்சத்திரம் முக்கோணமா இருக்கா?

— இருக்கு.

— அதுக்கு நடுவுலதான் நம்ம ஆளு. இப்ப அடங்கிக் கிடக்கும், ஒண்ணும் தெரியாது.

— தெரியுதே.

— எது?

— நடுவுல ஒண்ணு. மத்த மூணையும்விட வெளிச்சமா.

— தள்ளுங்க.

— என்ன, மாட்டிக்கிட்டியா?

— இருங்க, என் நோட்டப் பாக்கறேன். போன தடவ வெடிச்சு ரெண்டே வாரம்தான் ஆகுது.

— ஏய், அழறியா?

— மாசம் ஒரு தடவ இல்லீங்க. ரெண்டு தடவ. ஒண்ணத்தான் நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு ஒவ்வொரு மாசமும் நீங்க வந்திருக்கிற வாரத்துல வெடிச்சிருக்கு.

— அப்போ நாளைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை?

— எத அனுப்பறது? நாலு வருஷமா நான் அளந்தது நட்சத்திரம் வெடிக்கிற நாள இல்ல, நீங்க வீட்டுக்கு வர்ற நாள.