அக்கரை மதகு

ரொடிகா: ...அதெல்லாம் எனக்கும் தெரியும் எஞ்சினியர் சார். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மதகைத் திறப்பீங்களா, மாட்டீங்களா?

தொரினெல்: மாட்டேன்னு நான் சொன்னேனா? மேல இருந்து வார்த்தை வரணும்னுதான்...

ரொடிகா: முன்னாடி போன் பண்ணப்பவும் இதைத்தான் சொன்னீங்க.

தொரினெல்: வரலைன்னா நான் என்னம்மா பண்றது?

ரொடிகா: நான் இப்ப எங்க கரை மேல நிக்கிறேன். புரூத் ஆறு என் பூட்ஸுக்கு ஒரு ஜாண் கீழ ஓடுது. நேத்து சாயங்காலம் இதே இடத்துல நின்னு குனிஞ்சு பாத்தாத்தான் தண்ணி தெரிஞ்சுது.

தொரினெல்: எனக்கும் அதே ஆறுதான்.

ரொடிகா: ஆறு ஒண்ணுதான். கரை ஒண்ணில்லையே. உங்க ருமேனியக் கரை கல்லும் காங்கிரீட்டும். எங்களுது மண்ணு. போன வருஷம் வெள்ள ஒத்திகைக்கு வந்தப்ப காலால ஒரு உதை விட்டுப் பாத்துட்டு, "என்ன ஊர்த் தலைவியம்மா, மால்டோவாவுல கரையெல்லாம் மாவுலதான் கட்டுவீங்களா"ன்னு சிரிச்சீங்க.

தொரினெல்: சிரிச்சேன். தப்புதான்.

ரொடிகா: அன்னைக்கு எவ்வளவு அழகா திறந்தீங்க. நீலக் கொடி என்ன, பிரஸ்ஸல்ஸ்ல இருந்து வந்தவங்க கைதட்டல் என்ன... உங்க மேய்ச்சல் நிலத்துல கணுக்கால் அளவு தண்ணி ஏறினதும் வெற்றின்னு சொல்லிட்டு, எல்லாரும் எங்க ஊருக்கு வந்து சாப்பிட்டுப் போனீங்க.

தொரினெல்: பாலாடைக்கட்டி வச்ச பிளசிந்தா. நல்லா ஞாபகம் இருக்கு.

ரொடிகா: ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா? ஆத்துத் தண்ணி அளவுக் கம்பத்துல இருக்கற சிவப்புக் கோட்டைத் தாண்டிட்டா, இக்கரை கேக்கணும், அக்கரை திறக்கணும். தண்ணி உங்க மேய்ச்சல் நிலத்துல போய்ப் பரவணும், எங்க ஊர் தப்பிக்கணும். கோட்டைத் தாண்டியாச்சு. நான் கேட்டாச்சு.

தொரினெல்: அதுக்கு அடியில இன்னொரு வரி இருக்கு. மாவட்ட அலுவலகம் அனுமதி குடுத்த பிறகுன்னு.

ரொடிகா: சரிதான். ஐரோப்பிய யூனியனுக்குள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு அனுமதி. வாசல்ல நிக்கிற எங்களுக்கு வெள்ளம். நல்ல கூட்டாளிங்க நாம.

தொரினெல்: இந்தக் குத்தல் இப்ப அவசியமா?

ரொடிகா: ...இல்ல. பயத்துல பேசுறேன். அது என்ன சத்தம்?

தொரினெல்: எது?

ரொடிகா: மணிச் சத்தம். ஆட்டுக் கழுத்து மணி.

தொரினெல்: அது... ரோட்டுல ஓட்டிட்டுப் போறாங்க.

ரொடிகா: மதகு மேடையில நிக்கிறேன்னு சொன்னீங்களே. அங்க ஏது ரோடு?

தொரினெல்: பக்கத்துலதான்... தலைவியம்மா, கொஞ்சம் பொறுங்க. நானே கூப்பிடுறேன்.

ரொடிகா: வைக்காதீங்க சார். சார்...

*

ரொடிகா: ஹலோ. சார், கீழ்த்தெரு பக்கம் கரையில ஊத்து எடுத்துடுச்சு. மணல் மூட்டை போடப் போட உள்ள இழுத்துக்கிட்டுப் போகுது.

தொரினெல்: எவ்வளவு பெரிசு?

ரொடிகா: முதல்ல கை நுழையற அளவு. இப்ப ஒரு ஆளே நுழைவான். அனுமதி வந்துச்சா?

தொரினெல்: இன்னும்... பேசிக்கிட்டு இருக்காங்க.

ரொடிகா: யார் பேசுறாங்க? பேரைச் சொல்லுங்க, நான் பேசுறேன். அழுது பேசணும்னா அழுது பேசுறேன்.

தொரினெல்: உங்ககிட்ட பேச மாட்டாங்கம்மா. வேற நாடு.

ரொடிகா: ...சார், ஒண்ணு சொல்லணும்.

தொரினெல்: சொல்லுங்க.

ரொடிகா: பாலர் பள்ளியில ஆளுங்க இருக்காங்க.

தொரினெல்: என்ன?

ரொடிகா: நடக்க முடியாத கிழவங்க, கைக்குழந்தைக்காரங்க. மேட்டுக்குப் போற ரோடு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அவங்களை அங்கதான் ஏத்தி வச்சிருக்கேன்.

தொரினெல்: காலையிலேயே வெளியேத்தச் சொல்லி ஆணை வந்ததே? சைரன் அடிக்கலையா?

ரொடிகா: அடிச்சோம். உங்க யூனியன் குடுத்த சைரன்தான். மாடு கூட எழுந்திரிச்சு ஓடிச்சு. கிழவங்க எழுந்திரிக்கலை.

தொரினெல்: ரொடிகாம்மா, நிஜமாவா?

ரொடிகா: இந்த நேரத்துல விளையாடுவேனா?

தொரினெல்: அங்க இருக்கற யார்கிட்டயாவது போனைக் குடுங்க.

ரொடிகா: என்னை நம்பலையா?

தொரினெல்: குடுங்கம்மா. ஒரு நிமிஷம்.

ரொடிகா: ...அஃபனாசி, இங்க வா. எஞ்சினியர் பேசணுமாம். பாலர் பள்ளியைப் பத்திக் கேக்குறார். சொல்லு.

அஃபனாசி: ஹலோ... வணக்கம் எஞ்சினியர் சார். நான் இங்க டிராக்டர் ஓட்டுறவன்.

தொரினெல்: பாலர் பள்ளியில எத்தனை பேர் இருக்காங்க?

அஃபனாசி: நிறைய... நிறைய பேர்.

தொரினெல்: தண்ணி அங்க வந்துடுச்சா?

அஃபனாசி: வாசல்ல நிக்குது. அவங்க எல்லாம்... மாடியில இருக்காங்க.

தொரினெல்: பாலர் பள்ளிக்கு மாடி இருக்கா?

அஃபனாசி: மாடின்னா... மேடை சார். பிள்ளைங்க பாட்டுப் பாடுற மேடை.

தொரினெல்: சத்தமே கேக்கலையே. குழந்தை இருந்தா அழுமே.

அஃபனாசி: நாங்க கரையில நிக்கிறோம் சார். பள்ளிக்கூடம் கொஞ்சம் தள்ளி... சார், நான் ஒண்ணு கேக்கவா?

தொரினெல்: கேளுப்பா.

அஃபனாசி: என் வீடு கீழ்த்தெருவுல முதல் வீடு. ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு. நான் பாத்துக்கிட்டே மூட்டை போட்டுக்கிட்டு இருக்கேன். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க சார். இதோ, தலைவியம்மாகிட்ட குடுக்குறேன்.

ரொடிகா: கேட்டீங்களா?

தொரினெல்: ...கேட்டேன்.

ரொடிகா: அப்புறம் என்ன?

தொரினெல்: நான் திறந்தா எங்க நிலத்துல தண்ணி மெதுவா ஏறாது. ஒத்திகை மாதிரி இல்ல. இந்த வேகத்துல ஆள் உசரத்துக்குச் சுவராட்டம் வரும். திறந்துட்டா திரும்ப இறக்கவும் முடியாது.

ரொடிகா: உங்க நிலத்துல புல்லுதானே இருக்கு?

தொரினெல்: ...

ரொடிகா: சார்?

தொரினெல்: ஆமா. புல்லுதான்.

*

ரொடிகா: சார், போன் எடுக்க ஏன் இவ்வளவு நேரம்? கரை...

தொரினெல்: தலைவியம்மா, ஆத்தைப் பாருங்க.

ரொடிகா: கீழ்த்தெரு பக்கம் உடைச்சுக்கிச்சு சார். முதல் வரிசை வீடெல்லாம்...

தொரினெல்: ஆத்தைப் பாருங்கம்மா. திறந்துட்டேன்.

ரொடிகா: என்ன?

தொரினெல்: மூணு கதவும் மேல போயிடுச்சு.

ரொடிகா: ...இருங்க. இருங்க. அஃபனாசி, கம்பத்தைப் பாரு... இறங்குதா? நல்லாப் பாருப்பா... சார், இறங்குது. கோடு போட்ட மாதிரி ஈரம் தெரியுது. மாதாவே... இறங்குது சார்.

தொரினெல்: நல்லது.

ரொடிகா: உடைஞ்ச இடத்துலயும் வேகம் குறையுது. பசங்க மூட்டை போட ஆரம்பிச்சுட்டாங்க. மேல் தெரு தப்பிச்சுது, கோயில் தப்பிச்சுது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு...

தொரினெல்: தலைவியம்மா.

ரொடிகா: சொல்லுங்க.

தொரினெல்: உங்க படகு எங்க இருக்கு?

ரொடிகா: கோயில் சரிவுல கட்டியிருக்கு. ஏன்?

தொரினெல்: எங்க படகு ரெண்டும் விடியறதுக்கு முன்னாடியே மேல ஊருக்குப் போயிடுச்சு. திரும்பி வர நேரமாகும்.

ரொடிகா: எதுக்கு வரணும்? சார், உங்க குரல் சரியில்லையே.

தொரினெல்: மேய்ச்சல் நிலத்துல ஒரு ஆள் இருக்கான்.

ரொடிகா: யாரு?

தொரினெல்: ஆட்டுப்பட்டிக் கொட்டகை மேல ஏறியிருக்கான். தகரக் கூரை. நான் மேடையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அசைஞ்சுக்கிட்டே இருக்கு.

ரொடிகா: ஆள் இருக்கும்போதா திறந்தீங்க? யார் சார் அது?

தொரினெல்: என் தம்பி. இலாரியோன். ஆட்டை விட்டுட்டு வர மாட்டேன்னு நின்னான். பாதியை நான்தான் ஓட்டி மேட்டுல ஏத்தினேன். மிச்சத்துக்குத் திரும்பி உள்ள போயிட்டான். கத்திக் கத்திக் கூப்பிட்டேன்.

ரொடிகா: கூப்பிட்டுட்டு... திறந்துட்டீங்களா?

தொரினெல்: பாலர் பள்ளியில குழந்தைங்கன்னு சொன்னீங்களே. ஒரு பக்கம் அத்தனை பேரு, ஒரு பக்கம் இவன் ஒருத்தன். அவனே கொட்டகை மேல ஏறி நின்னு கை காட்டினான், "திற"ன்னு. அப்படித்தான் எனக்குப் பட்டுச்சு. வேற எதுக்காவது கை காட்டினானோ என்னவோ.

ரொடிகா: அஃபனாசி... அஃபனாசி, படகை எடு.

தொரினெல்: இல்ல, இருங்க. உங்க ஆளுங்களுக்குத்தானே முதல்ல அது வேணும்? பள்ளிக்கூடத்துல இருந்து அவங்களை இறக்காம...

ரொடிகா: படகு வருது சார்.

தொரினெல்: அவங்களை விட்டுட்டா?

ரொடிகா: வருதுன்னு சொல்றேன். உங்க எல்லைக் காவல்காரங்களுக்கு மட்டும் சொல்லிடுங்க. நடு ஆத்தைத் தாண்டுறப்ப யாரும் துப்பாக்கியைத் தூக்கிடக் கூடாது.

தொரினெல்: சொல்றேன். நான் சொல்றேன். கரையில வெள்ளைத் துணியோட நிக்கிறேன்.

*

அஃபனாசி: தலைவியம்மா, அக்கரைக்கா?

ரொடிகா: மதகு வழியா உள்ள போகாத. இழுத்துடும். கீழ வில்லோ மரம் நிக்கிற வளைவுல ஏறிப் போ. அந்தப் பக்கம் கரை தாழ்வா இருக்கும்.

அஃபனாசி: அது ஐரோப்பா ஆச்சே. பாஸ்போர்ட்டு...

ரொடிகா: உன் பாஸ்போர்ட் எங்க இருக்கு?

அஃபனாசி: அலமாரியில. அலமாரி தண்ணியில.

ரொடிகா: அப்ப இல்லாமலே போ. அங்க கொட்டகை மேல ஒரு மனுஷன் இருக்கான்.

அஃபனாசி: யாரும்மா?

ரொடிகா: எஞ்சினியரோட தம்பி.

அஃபனாசி: ...அவரு தம்பி உள்ள இருக்கும்போதேவா திறந்தாரு?

ரொடிகா: நாம சொன்னதை நம்பித் திறந்தாரு. என்னைப் பாக்காத அஃபனாசி. போ.

அஃபனாசி: கயித்தைக் குடுங்க. ரெண்டு கயிறா குடுங்க.

*

ரொடிகா: சார், என்ன ஆச்சு? இங்க இருந்து ஒண்ணும் தெரியலை. மரம் மறைக்குது.

தொரினெல்: கொட்டகை போயிடுச்சு.

ரொடிகா: ஐயோ.

தொரினெல்: அவன் ஒரு பாப்ளார் மரத்தைப் பிடிச்சுக்கிட்டான். உங்க ஆளு கயிறு வீசுறாரு... விழலை... திரும்ப வீசுறாரு...

ரொடிகா: சொல்லிக்கிட்டே இருங்க சார்.

தொரினெல்: பிடிச்சுட்டான். இல்ல... கை நழுவுது... மடையன், ஒரு கையில ஆட்டுக்குட்டியை வச்சிருக்கான். விடுடா அதை. டேய், விடு...

ரொடிகா: சார்? தொரினெல் சார், பேசுங்க.

தொரினெல்: ஏறிட்டான்.

ரொடிகா: ஏறிட்டாரா?

தொரினெல்: படகுல கிடக்கான். அசையறான். வாந்தி எடுக்கறான்... உக்காந்துட்டான். உங்க ஆளு தன் கோட்டைக் கழட்டிப் போத்தி விடறாரு. தலைவியம்மா, அழறீங்களா?

ரொடிகா: காத்து. இங்க காத்து ஜாஸ்தி.

தொரினெல்: இங்கயும்தான்.

ரொடிகா: ஆடு எத்தனை போச்சு?

தொரினெல்: எண்ணலை. எண்ணவும் மாட்டேன். தலைவியம்மா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்ல தைரியம் வராது, போன்லயே சொல்லிடுறேன்.

ரொடிகா: சொல்லுங்க.

தொரினெல்: அனுமதி விடிஞ்ச உடனே வந்துடுச்சு.

ரொடிகா: ...என்ன சொன்னீங்க?

தொரினெல்: நீங்க முதல் தடவை கூப்பிடுறதுக்கு முன்னாடியே. "தேவைப்பட்டா திற, காத்திருக்காத"ன்னு. நான் மதகுகிட்டயே இல்ல. கீழ நிலத்துல தம்பியோட நின்னு ஆடு விரட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டது அந்த மணிச் சத்தம்தான்.

ரொடிகா: மாவட்ட அலுவலகம் பேசிக்கிட்டு இருக்குன்னு...

தொரினெல்: யாரும் பேசலை. நான்தான் இழுத்தேன். முதல் போன்லயே திறந்திருந்தா உங்க கீழ்த்தெரு நின்னிருக்கும்.

ரொடிகா: உங்க தம்பிக்குக் கோட்டுப் போத்தி விட்டாரே, அவர் வீடு கீழ்த்தெருவுல முதல் வீடு. இப்ப அங்க புகைபோக்கி மட்டும்தான் தெரியுது.

தொரினெல்: ...தெரியும். அவர்தான் போன்ல சொன்னாரே. திட்டணும்னா திட்டுங்க. புகார் எழுதணும்னா எழுதுங்க, நான் மறுக்க மாட்டேன். ஆனா முதல்ல படகைத் திருப்பி அனுப்புறேன். பள்ளிக்கூடத்துல அத்தனை பேரை வச்சுக்கிட்டு இருந்த ஒரே படகையும் எனக்குக் குடுத்துட்டீங்க. அந்தக் குழந்தைங்க எப்படி இருக்கு? தண்ணி உள்ள வரலையே? ரொடிகாம்மா? குழந்தைங்களுக்கு ஒண்ணும் இல்லையே?

ரொடிகா: பள்ளிக்கூடத்துல யாருமே இல்ல சார். விடியறப்பவே ஊரை மொத்தமா மேட்டுக்கு ஏத்திட்டேன், கடைசிக் கிழவி வரைக்கும். வெறும் வீட்டுக்காகன்னு கேட்டா நீங்க திறக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்... உள்ள தம்பி இருக்கான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பொய் என் வாயில வந்திருக்காது.