வால் வழியே புதையும் விலாங்கு

பொய் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. திமிங்கிலத்தின் முதுகில் கொடி கட்டிச் சட்டை காயப்போட்ட கதையை நானூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அதனால்தான், கடலடி மணலில் ஒரு பாம்பு விலாங்கைப் பார்த்தேன் என்றபோது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரல் தடிமன், உடம்பெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. ஆளைக் கண்டால் கூரான வாலை ஆணி மாதிரி இறக்கி, பின்பக்கமாகவே மணலுக்குள் போய்விடும். மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். என் ஆயுசில் நான் சொன்ன ஒரே நிஜம் அது.

மீன் ஆராய்ச்சி செய்யும் அம்மா சிரித்தார். "பெரியவரே, பிடிச்சுட்டு வாங்க. புது இனமா இருந்தா, கண்டுபிடிச்சவர் பேரையே வைக்கிறேன்."

எனக்கு இப்போது மூச்சுப் பத்தாது, தம்பிதான் முங்குவான். படகில் நாங்கள் இருவர் மட்டும். காற்று எந்திரத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் அவன் வாய்க்குப் போகும். இடுப்பில் ஈயக்கட்டி, ஒரு கயிறு. கயிற்றை ஒரு முறை இழுத்தால் மீன் சிக்கிவிட்டது. இரண்டு முறை இழுத்தால் நான் அவனைத் தூக்க வேண்டும். இருபது வருஷமாக, யார் முங்கினாலும், எங்கள் சைகை அதுதான்.

இறங்குமுன் சொன்னான்: "அண்ணே, கிடைச்சா என் பேருதான். உன் பேரை வச்சா மீனே பொய்யின்னுருவாங்க."

நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான்.

அரைமணியில் கயிறு ஒரு முறை அசைந்தது. அப்போது குழாயின் மேல் என் கால் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியாது. குனிந்து பார்த்தேன். என் கால்தான். வெயிலுக்கு இதமாகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அப்புறம் தூக்கினேன். வலைப்பைக்குள் விலாங்கு உயிரோடு இருந்தது. புதைய இடம் தேடி, வாலால் அவன் உள்ளங்கையைக் குத்திக்கொண்டே இருந்தது. குழாய் எங்கோ மடங்கிவிட்டது என்று கரையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். முதலில் பார்த்தவன் நான் என்பதையும் அன்றுதான் நம்பினார்கள். மீனுக்கு என் பெயர்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அவரு கயித்த இழுக்கவே இல்லையா?"

"இல்லம்மா. தூங்குற மாதிரி போயிட்டான்."

இரண்டிரண்டாகப் பதினோரு தடவை இழுத்தான் என்று சொன்னால் அந்தப் பெண் தாங்குவாளா? அவள் நிம்மதிக்காகத்தான் மறைத்தேன். வேறு எதற்கும் இல்லை.