மச்சான் உள்ளே இருந்த ஆட்டங்கள்

காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப் ஐயா. நெப்ராஸ்காவில் ஸ்டேஷன் காப்பி என்றால் வாயில் வைக்க முடியாது என்பார்கள். சும்மா சொல்கிறார்கள்.

நான் பேஸ்பாலில் பந்து வீசுகிறவன். தோள் ஓடும் வரைதான் எங்கள் பிழைப்பு. வயது முப்பதைத் தாண்டியும் பெரிய லீக் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன ஊர் அணிகளிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி லோர்னாவின் அண்ணன் ஆர்வில் எங்களோடுதான் இருந்தார். தங்கமான மனுஷன். மே மாதத்தில் ஒருநாள், சூறாவளிக்கு ஒதுங்கும் நிலவறையில் ஊறுகாய் எடுக்க இறங்கியிருக்கிறார். அது தெரியாமல் இரும்புக் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நான் ஆடப் போய்விட்டேன். அன்று என் பந்தை எவனாலும் தொட முடியவில்லை.

ஜெயிக்கிற வரைக்கும் எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தில் எழுதாத சட்டம். சட்டையைத் துவைக்காதவன் உண்டு, தினமும் கோழிக்கறியே தின்கிறவன் உண்டு. எனக்கு மச்சான் உள்ளே இருப்பதுதான் ராசி. சொன்னதும் அவரே சிரித்தார்.

"அடப்பாவி. உனக்காக உக்காந்துட்டாப் போச்சு. ரேடியோவ மட்டும் குடு மாப்ளே."

ஜூன் முழுக்க ஜெயித்தோம். ஜூலையில் அவருக்குச் சலித்துவிட்டது.

"ஒரு தடவ மைதானத்துக்கு வந்து நீ வீசுறதப் பாக்குறேனே மாப்ளே" என்றார்.

நியாயமான ஆசைதான். அதன் பிறகு ஆட்டம் இல்லாத நாளிலும் பூட்டிவைத்தேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாது அல்லவா?

போன சனிக்கிழமை பெரிய லீக்குக்கு ஆள் பிடிக்கிறவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை ஒருவன்கூட என் பந்தை அடிக்கவில்லை. அப்போது மழை கொட்டி, ஆட்டம் நின்றது. லோர்னா போன் செய்தாள்.

"ஓடை நெறஞ்சு தண்ணி நிலவறைக்குள்ள இறங்குதுங்க. அண்ணன் கதவத் தட்டிக்கிட்டே இருக்காரு. சாவியக் கொண்டாங்க."

"இன்னும் ரெண்டு இன்னிங்ஸ்தாம்மா. மேல்படியில ஏறி நிக்கச் சொல்லு."

"பாவி மனுஷா, ரெண்டு தெரு தள்ளித்தானே வீடு?"

உண்மைதான், ஓடிப் போய் வந்திருக்கலாம். ஆனால் பாதி ஆட்டத்தில் அந்தக் கதவைத் திறக்க எந்தப் பந்துவீச்சாளனுக்கு மனசு வரும்? அதோடு மச்சானுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்.

மழை விட்டது. மீதியையும் வீசி முடித்தேன், ஒருவனும் அடிக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் என் கையைக் குலுக்கி, "திங்கக்கெழம வந்து சேந்துருப்பா" என்றார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன்.

லோர்னா என்னைக் கொலைகாரன் என்கிறாள். துக்கம், பேசட்டும். ஆனாலும் தப்பு என்மேல்தான் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் இடது காலுறையைத்தான் முதலில் போடுவேன். அன்று காலை அவசரத்தில் வலதைப் போட்டுவிட்டேன்.