கிளாரன்ஸ் அண்ணனின் ஏழாவது பீப்பாய்

பெங்களூர்
5-6-2006

அன்புள்ள நோரா அக்காவுக்கு,

2002 உலகக் கோப்பை ஃபைனல் அன்றைக்கு யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். டி.வி.க்கு எதிரே பெஞ்சில் இடப்பக்கம் கண்டக்டர் கோவிந்தப்பா, வலப்பக்கம் ரிட்டையர்டு ஹெட்கிளார்க் அனந்தபத்மநாபன் சார். அவர்கள் முதுகுக்குப் பின்னால், கதவோரம், இரும்பு நாற்காலியில் நான். என் பக்கத்தில், பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே முக்காலியில் கிளாரன்ஸ் அண்ணன், ஒரு கை பீப்பாய்க் குழாய் மேலே. நீங்கள் சமையலறையில்.

அவர் கடைசியாக என்ன சொன்னார், கஷ்டப்பட்டாரா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். குடியாத்தம் போர்டு ஸ்கூலில் படித்தவன். கேட்ட கேள்விக்கு வரிசையாகத்தான் பதில் எழுத வரும்.

பீர் கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கி வந்தவர், வீட்டுக் கொட்டகையில் பார்லியை ஊறப்போட்டுத் தானே காய்ச்ச ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் கேட்டு அவருக்காகப் பதினொரு மனு எழுதியவன் நான். "பிரேசில் கப் அடிச்சா நமக்கு லைசென்ஸ் வந்துடும், எழுதி வச்சுக்கோ" என்பார். எழுதி வைத்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு ஒரு பீப்பாய், மொத்தம் ஏழு.

2002-ல் முதல் ஆட்டத்தில் எப்படி உட்கார்ந்து ஜெயித்தோமோ அப்படியே கடைசிவரை உட்கார வேண்டும் என்பது சட்டம். விசில் ஊதும்வரை யாரும் எழக்கூடாது. இடைவேளையில் நான் மட்டும் எழுந்து, கதவில் உங்களிடம் தட்டு வாங்கலாம். முதல் நாள் அப்படித்தான் நடந்தது. இங்கிலாந்து ஆட்டத்தில் கோவிந்தப்பா ஒன்னுக்குப் போனான், அந்த நிமிஷமே அவர்கள் கோல் போட்டார்கள். "எங்கடா போய்த் தொலைஞ்சே, பெங்களூரையே மூழ்கடிச்சிட்டியா?" என்று அனந்தபத்மநாபன் சார் கத்தினார். அவன் ஓடிவந்து பெஞ்சில் விழுந்தான், நாம் கோல் போட்டோம். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? அன்றைக்கு அண்ணன்தான் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஏகாம்பரம், இனிமே எவன் எழுந்தாலும் விடாதே. நானே எழுந்தாலும் விடாதே."

ஃபைனல் அன்று ஏழாவது பீப்பாய். நுரை அப்படியொரு நுரை. கோவிந்தப்பா மீசையில் நுரையோடு பக்கெட்டைத் தட்டிப் பாடினான். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் அண்ணன் இடது கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குடா. நோராவக் கூப்புடு."

நீங்கள் கேட்டது இதைத்தான். உங்களைத்தான் கூப்பிட்டார்.

"பத்து நிமிஷம்ணா" என்றேன். எழுந்திருக்கப் பார்த்தார். தோளில் கை போட்டேன். முன்னால் இருந்த இருவரும் திரும்பவில்லை. திரும்புவதும் சட்டப்படி தப்பு.

இடைவேளையில் நீங்கள் கதவைத் தட்டினீர்கள். மீன் வறுவல்.

"எங்க அவரு? சத்தத்தையே காணோம்?"

"பீப்பாயக் கட்டிப் புடிச்சிட்டு ஜோரா இருக்காருக்கா."

"குடிகாரப் பசங்களா, சூட்டோடவாவது தின்னுங்க" என்று சிரித்துக்கொண்டே போனீர்கள். அப்போது அவருக்கு உயிர் இருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழப் பார்த்தார். இந்த முறை தோளை அழுத்த வேண்டியிருந்தது. அதிக பலம் தேவைப்படவில்லை.

அறுபத்திரண்டாவது நிமிஷத்தில் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். ஸ்கோர் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். சுவரில் சாய்த்து, கையை எடுத்துக் குழாய் மேல் வைத்தேன். ஐந்தே நிமிஷம், கோல். கோவிந்தப்பா உட்கார்ந்தபடியே ஹெட்கிளார்க்கின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தான். பின்னால் நீட்டிய கிளாஸ்களில் அண்ணன் கையின் மேல் என் கையை வைத்து ஊற்றினேன். எழுபத்தொன்பதில் இன்னொன்று.

விசில் ஊதியதும் அவரைத் தோளில் தூக்கினோம். "அண்ணனுக்கு ஃபுல்லா ஏறிடுச்சு குரு!" என்றான் கோவிந்தப்பா. தெரு முழுக்க மஞ்சள் சட்டை, தாரை தப்பட்டை, ஜன்னலுக்கு ஜன்னல் விசில். நீங்களும் வாசலில் நின்று கைதட்டினீர்கள். "கீழ போட்டுடாதீங்கடா" என்றீர்கள். போடவில்லை. மூன்று வீடு தாண்டும்வரை ஆடினோம். மர்பி டவுன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கொடுத்து வைத்த சாவு என்றார்கள். நானும் தலையாட்டினேன். அது சரியில்லை. வலி வந்ததிலிருந்து இடைவேளையையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு நிமிஷம். ஆட்டோவில் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். கொன்றேன் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதலாம். நான்தான் கொன்றேன். அவர் கோலைப் பார்க்கவில்லை என்பது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

லைசென்ஸ் இன்னும் வரவில்லை. அவர் பெயரிலேயே பன்னிரண்டாவது மனு போட்டிருக்கிறேன்.

வருகிற பதின்மூன்றாம் தேதி பிரேசிலுக்கு முதல் ஆட்டம். முக்காலி காலியாக இருக்கிறது. வேற்று ஆளை உட்கார வைக்க மனசு வரவில்லை. உங்கள் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது. ஆட்டம் தெரிந்த வீட்டுப் பெண், புரிந்துகொள்வீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
ஏகாம்பரம்

(உறையின் பின்பக்கம்)

அக்கா, ஒட்டிய பிறகு ஞாபகம் வந்தது, போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் நின்று எழுதுகிறேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஆட்டத்துக்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்திருக்க விட மாட்டேன்.